மண்ணுக்கு மறதியே கிடையாது பாஸ்!

கொடைக்கானல் டூர் போய் வந்த எந்த காலேஜ் கேங்கோட போட்டோக்களைப் பார்த்தாலும் ஒரு படம் கட்டாயம் இருக்கும். பைன் மரக்காடு. நெட்டுக்குத்தா நிக்கிற மரங்களுக்கு நடுவுல கையை விரிச்சுக்கிட்டு ஒரு குரூப் போட்டோ. 'ஆஹா, என்ன ஒரு இயற்கை!'ன்னு கீழே ஒரு கமென்ட் வேற.

ஒரு சின்ன திருத்தம் ஃப்ரெண்ட்ஸ். அந்த பைன் மரம் ஒண்ணுகூட அந்த மலையோட சொந்தப் பிள்ளை இல்லை. எல்லாம் வெளியூரிலிருந்து கொண்டுவந்து நட்டது. வழியெல்லாம் தைல வாசம் வீசுற யூகலிப்டஸ் மரமும், மஞ்சள் பூவா பூத்துக் குலுங்குற வாட்டில் மரமும் (நீலகிரிப் பக்கம் சீகை மரம்னு சொல்வாங்க) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தோல் பதனிட டானின் வேணும், ரேயான் ஆலைக்கு மரக்கூழ் வேணும், அடுப்புக்கு விறகு வேணும் என்று ஒவ்வொரு காலத்திலும் ஒரு காரணம் சொல்லி நட்டார்கள்.

சரி, மரம் நட்டதுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது? பெரும்பாலும் புல்வெளி. மலைச்சரிவு முழுக்கப் புல், பள்ளத்தாக்கு மடிப்பில் மட்டும் குட்டை குட்டையா, அடர்த்தியா சோலைக்காடு. மன்னவனூர் பக்கம் போனால் அந்தப் பழைய கொடைக்கானலின் சாயலை இன்னைக்கும் கொஞ்சம் பார்க்கலாம். 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்குதே குறிஞ்சி, அது வளர்ற இடமும் இந்தப் புல்வெளிச் சரிவுதான். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்த முறை 2030.

இப்போ உண்மையான கேள்விக்கு வருவோம். அந்தப் புல்லுக்கு முன்னாடி அங்கே என்ன இருந்தது?

'இது என்ன பெரிய கேள்வி?'ன்னு நினைக்காதீங்க. ஒரு மலையோட தலையெழுத்தே இந்தக் கேள்வியில்தான் இருக்கு.

வெட்டவெளியா, வெட்டின வெளியா?

ஒரு கட்சி என்ன சொல்லுச்சு தெரியுமா? 'ஒரு காலத்தில் மலை முழுக்கக் காடுதான். மனுஷன் வந்து வெட்டினான், தீ வெச்சான், மாடு மேய்ச்சான். மிச்சம் நின்னதுதான் இந்தப் புல்லு.' இதை ஒப்புக்கிட்டா என்ன ஆகும்? புல்வெளிங்கிறது கெட்டுப்போன காடு, சும்மா கிடக்குற தரிசு. அதில் என்ன மரம் நட்டாலும் புண்ணியம்தான்! வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே புல்வெளியைத் தரிசுன்னு கணக்கெழுதி மரம் நட்டதுக்கு இந்த நினைப்பு ரொம்பவே கைகொடுத்தது.

இன்னொரு கட்சி, 'இல்லைங்க, புல் ஆதியிலிருந்தே இருக்கு. அது வேறொரு வகை இயற்கை'ன்னு சொல்லுச்சு. அப்படின்னா மரம் நட்டது புண்ணியம் இல்லை, ஒரு முழு உயிர்க்கூட்டத்தையே மூடிப் புதைச்ச வேலை.

யார் சொல்றது சரி? பார்த்த சாட்சி எவனும் உயிரோடு இல்லை. தாண்டிக்குடி பக்கம் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கு, பளியர்கள் தலைமுறை தலைமுறையா இந்த மலையில் வாழ்றாங்க. அதனால் மனுஷன் இங்கே ரொம்ப நாளா இருக்கான்ங்கிறது மட்டும் நிச்சயம். ஆனால் மனுஷன் கைவைக்கிறதுக்கு முன்னாடி மலை எப்படி இருந்ததுன்னு சொல்ல ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அது மண்ணு! அந்த மண்ணைப் பேசவைக்கிற வித்தைதான் இந்த வாரம் நம்ம டாபிக். பெயர், நிலையான ஐசோடோப் ஆய்வு.

குண்டு அண்ணன், ஒல்லித் தம்பி

பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரியை லேசா தட்டி எழுப்புங்க. கார்பன் அணுவுக்குள்ள 6 புரோட்டான். இது மாறாது. நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறலாம். 6 நியூட்ரான் இருந்தால் கார்பன்-12. 7 இருந்தால் கார்பன்-13. குணத்தில் ரெண்டும் ஒண்ணுதான். எடையில் மட்டும் ஒருத்தர் கொஞ்சம் குண்டு. உலகத்துக் கார்பனில் கிட்டத்தட்ட 98.9 சதவீதம் ஒல்லித் தம்பி, 1.1 சதவீதம்தான் குண்டு அண்ணன்.

8 நியூட்ரானோடு கார்பன்-14-ன்னு மூணாவது ஆள் ஒருத்தர் உண்டு. அவர் கதிரியக்கக்காரர், கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுக்கிட்டே இருப்பார். அதனால் அவரை வெச்சு வயசைக் கணக்கு போடலாம். 12-ம் 13-ம் அப்படி இல்லை, காலாகாலத்துக்கும் அப்படியே இருக்கும். அதனால்தான் 'நிலையான' ஐசோடோப். கதிர்வீச்சு பயமும் கிடையாது. நீங்க காலையில் சாப்பிட்ட இட்லியிலேயே ரெண்டும் இருக்கு!

இப்போ கதையோட திருப்பம். செடிகள் காற்றிலிருந்து கார்பன்-டை-ஆக்ஸைடை இழுக்கும்போது ரெண்டு பேரையும் சமமா நடத்துறதில்லை. பெரும்பாலான செடிகளில் இந்த வேலையைச் செய்ற ருபிஸ்கோ என்ற நொதி, ஒல்லித் தம்பியைத்தான் அதிகம் விரும்பி எடுக்கும். மரங்கள், நெல், கோதுமை எல்லாம் இந்த ரகம். இதுக்கு சி-3 என்று பெயர். முதலில் உருவாகுற பொருளில் 3 கார்பன் இருக்கிறதால் அந்தப் பெயர்.

ஆனால் வெயிலும் வறட்சியும் பழகின பல புல்வகைகள் வேறு ரூட்டில் போகுது. வேறொரு நொதியை வாசலில் நிறுத்தி, கார்பனை முதலில் பிடிச்சு உள்ளே அடைச்சுட்டு, அப்புறம்தான் ருபிஸ்கோகிட்ட கொடுக்கும். அடைச்ச அறைக்குள்ள ருபிஸ்கோ அவ்வளவா பொறுக்கி எடுக்க முடியாது. இருக்கிறதை வாங்கிக்க வேண்டியதுதான். இது சி-4. கரும்பு, சோளம், மக்காச்சோளம், கேழ்வரகு எல்லாம் இந்தக் கட்சி. மேற்குத் தொடர்ச்சி மலையுச்சிப் புல்வெளியிலும் சி-4 புல் நிறைய உண்டு. 1966-ல் ஹேட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை வெச்சு இந்த ரூட்டை விளக்கினாங்க.

வித்தியாசம் எவ்வளவு? ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவா ஒரு அளவுகோல் வெச்சிருக்காங்க. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைச்ச கடல்வாழ் உயிரியின் புதைபடிவத்திலிருந்து வந்தது அது. அதில் ஒரு லட்சம் கார்பன்-12 அணுவுக்கு சுமார் 1,118 கார்பன்-13 இருக்கும். சி-4 புல்லில் சுமார் 1,104. மரத்தில் சுமார் 1,088. இதை ஆயிரத்துக்கு இத்தனை குறைவுன்னு எழுதுவாங்க. சி-4 புல் மைனஸ் 13-ஐ ஒட்டி, சி-3 மரம் மைனஸ் 27-ஐ ஒட்டி. நடுவில் 14 புள்ளி இடைவெளி. பார்க்கத் துளியூண்டு வித்தியாசம்தான். ஆனால் ஒண்ணோட ஒண்ணு கலக்காத ரெண்டு கைரேகை!

நம்பிக்கை வரலையா? கொடைக்கானலில் 'சுத்தமான மலைத்தேன்'னு பாட்டில் வாங்குறோமே, அதில் கரும்புச் சர்க்கரைப் பாகு கலந்திருக்கான்னு கண்டுபிடிக்க லேபில் செய்றதும் இதே டெஸ்ட்தான். தேனீ போற பூக்கள் பெரும்பாலும் சி-3 செடிகளோடது. கரும்பு சி-4. கலந்தால் நம்பர் காட்டிக்கொடுத்துடும். (கில்லாடிகள் அரிசியிலிருந்து செய்த பாகைக் கலந்தால் இந்த டெஸ்ட் மட்டும் போதாது. ஏன்னா நெல்லும் சி-3. திருடன்-போலீஸ் ஆட்டம் அங்கேயும் தொடருது!)

மண்ணை எப்படிப் பேசவைக்கிறாங்க?

புல் காய்ஞ்சு, வேர் செத்து, இலை உதிர்ந்து மண்ணோட மண்ணா மட்கிப்போகுது. நுண்ணுயிரிகள் அதைத் தின்னு செரிச்சு மட்காக்குது. இவ்வளவு அடிபட்டும் அந்தக் கைரேகை பெரிசா அழியாது. மட்கும்போது ஒண்ணு ரெண்டு புள்ளி நகரும், சில சமயம் மூணு. 14 புள்ளி இடைவெளிக்கு முன்னாடி அது சமாளிக்கக்கூடிய சங்கதி.

லேப் வேலை இப்படி. மண்ணைக் காயவெச்சு, வேர்த்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, மாவு மாதிரி அரைப்பாங்க. சுண்ணாம்புச் சத்து இருந்தால் நீர்த்த அமிலம் விட்டு நீக்கணும், இல்லேன்னா அதோட கார்பன் நடுவில் வந்து கணக்கைக் குழப்பும். பிறகு சில மில்லிகிராம் மட்டும் எடுத்து, தகரத்தாளில் செஞ்ச குட்டிக் கிண்ணத்தில் போட்டு மடிச்சு, உலையில் எரிப்பாங்க. கார்பன் எல்லாம் கார்பன்-டை-ஆக்ஸைடா மாறும். அதை மாஸ் ஸ்பெக்ட்ராமீட்டருக்குள்ள விட்டு, மின்னேற்றம் கொடுத்து, காந்தப்புலத்தின் வழியே ஓடவிடுவாங்க. வளைவில் பைக் திருப்புற மாதிரிதான். ஒல்லி சட்டுனு வளையும், குண்டு கொஞ்சம் அகலமா வளையும். தனித்தனி இடத்தில் போய் விழுறதை எண்ணினா கணக்கு ரெடி.

கொடைக்கானலுக்கு இந்த மாதிரி 'பிரிச்சுப் பார்க்கிற' வேலை புதுசு இல்லை. 1899-ல் தொடங்கின அந்த ஊர் சூரிய ஆய்வகத்தில் சூரிய வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சுப் பார்த்துதான், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாயுறதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டுபிடிச்சார். அங்கே பிரிச்சது வெளிச்சத்தை. இங்கே பிரிக்கிறது அணுவை.

யானை டாக்டர் போட்ட முடிச்சு

இந்த வித்தையைத் தென்னிந்திய மலைகளில் முதலில் பெரிசா காட்டினது நீலகிரியில். பழனி மலையும் நீலகிரியும் ஒரே குடும்பம். ரெண்டிலும் 2,000 மீட்டருக்கு மேலே அதே சோலை, அதே புல்வெளி. நீலகிரியில் ஒரு வசதி, பள்ளங்களில் 'பீட்' கிடைக்கும். சதுப்பில் செடி கொடி முழுசா மட்காமல் ஆயிரக்கணக்கான வருஷமா அடுக்கடுக்கா படிஞ்ச கறுப்பு மண்ணு. மேலே இன்னைக்கு, கீழே போகப் போகப் பழங்காலம். மலையே எழுதின டைரி!

அந்த டைரியைப் படிச்சவர்களில் முக்கியமானவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார். உலகம் அவரை யானை ஆராய்ச்சியாளரா அறியும். யானைக்கும் ஐசோடோப்புக்கும் என்ன சம்பந்தம்? யானை புல்லும் தின்னும், மரக்கிளை, இலையும் தின்னும். எதை அதிகமா தின்னு உடம்பு வளர்த்ததுன்னு தெரிஞ்சுக்க, 1980-களில் அவரும் கூட்டாளிகளும் யானை எலும்பிலுள்ள கார்பன்-13-ஐ அளந்து பார்த்தாங்க. சி-4 புல்லா, சி-3 மரமா? எலும்பே சொல்லிடுச்சு. எலும்பு பேசும்னா மண்ணும் பேசும்தானே?

ஆர்.கே. பந்த், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் ஆர். ரமேஷ், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனத்தின் ஜி. ராஜகோபாலன் ஆகியோருடன் சேர்ந்து, நீலகிரி பீட் மண்ணை அடுக்கு அடுக்கா அளந்தார் சுகுமார். கார்பன்-14 வயசைச் சொல்லுச்சு, கார்பன்-13 என்ன செடின்னு சொல்லுச்சு. 1993-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது அந்த முடிவு.

என்ன வந்தது தெரியுமா? சுமார் 20,000 வருஷத்துக்கு முன்னாடி, உலகமே பனியில் உறைஞ்ச காலத்தில், நீலகிரி வறண்டு கிடந்திருக்கு. சி-4 புல் கொடிகட்டிப் பறந்திருக்கு. பிறகு பருவமழை வலுத்ததும் சி-3 செடிகள் கை ஓங்கியிருக்கு. மறுபடி சுமார் 6,000-லிருந்து 3,500 வருஷம் முன்பு வரை வறட்சி, மறுபடி புல். புல்லும் காடும் மழையைப் பார்த்து முன்னே பின்னே நகர்ந்து கபடி ஆடியிருக்கு! 1997-ல் இதே குழுவினரின் வேலை 40,000 வருஷம் வரைக்கும் நீண்டது. 40,000 வருஷத்துக்கு முன்னாடி எந்த விவசாயி கோடாலி எடுத்துக்கிட்டு ஊட்டி மலை ஏறினான் சொல்லுங்க?

ஒரு விஷயத்தில் நேர்மையா இருக்கணும். சி-3-ன்னு நம்பர் வந்தால் அது மரம்தான்னு சத்தியம் பண்ண முடியாது. குளிர்ப் பிரதேசத்துப் புல் சிலதும் சி-3-தான். அதனால் மகரந்தத் துகளையும் சேர்த்துப் பார்க்கணும். பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டின் ஜி. வசந்தி, நீலகிரி சாண்டிநல்லா பீட்டில் அந்த மகரந்த வேலையை 1988-லேயே வெளியிட்டிருந்தார். அதே பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் பக்கமிருந்து 2007-ல் வந்த நீலகிரி மண் ஆய்வு இன்னொரு எச்சரிக்கை கொடுத்தது. மலைக்குள்ளேயே இடத்துக்கு இடம் வரலாறு வேற. ஒரு சரிவுக்குக் கிடைச்ச விடையை அடுத்த சரிவுக்கு ஜெராக்ஸ் எடுக்க முடியாது.

பழனி மலைக்கும் சொந்த டைரி உண்டு. கொடைக்கானலின் மேல்மலையிலுள்ள கூக்கால் ஏரியின் படிவுகளை அண்ணா பல்கலைக்கழக, பீர்பல் சாஹ்னி ஆய்வாளர்கள் மண் வேதியியல், மகரந்தம் ரெண்டையும் வெச்சுப் படிச்சு, பல ஆயிரம் வருஷத் தட்பவெப்ப மாற்றங்களை 2017-ல் வெளியிட்டாங்க. படகு விடுற ஏரின்னு நாம நினைக்கிறோம். அடியில் ஒரு லைப்ரரியே இருக்கு!

நுண்ணுயிரி யார் வீட்டுச் சாப்பாடு சாப்பிடுது?

இதுவரை பழங்கதை. இப்போ இன்னைக்கு நடக்கிற கதை.

ஆயிரக்கணக்கான வருஷமா சி-4 புல் வளர்ந்த சரிவில், 40-50 வருஷத்துக்கு முன்னாடி பைனும் வாட்டிலும் நட்டோம் இல்லையா? விஞ்ஞானி கண்ணால் பார்த்தால் அது ஒரு பிரமாண்டமான சோதனை. மைனஸ் 13 கார்பன் நிறைஞ்ச மண்ணில் மைனஸ் 27 கார்பனை வருஷா வருஷம் கொட்டிக்கிட்டே இருக்கோம். சாம்பார் சட்டியில் பாயசம் ஊத்தின மாதிரி. எது எவ்வளவுன்னு ருசி பார்த்தே சொல்லிடலாம்!

பேனா எடுங்க, ஒரு சின்னக் கணக்கு. மரத்துக்கு அடியில் எடுத்த மண்ணில் மைனஸ் 20 வருதுன்னு வெச்சுக்குவோம். பழைய புல் மைனஸ் 13, புது மரம் மைனஸ் 27. பழசிலிருந்து 7 புள்ளி நகர்ந்திருக்கு. மொத்த இடைவெளி 14. ஏழு பை பதினாலு, பாதி. அதாவது அந்த மண்ணின் கார்பனில் பாதி, மரம் வந்த பிறகு சேர்ந்தது. மீதிப் பாதி மரத்தைப் பார்க்காத காலத்துப் புல்லோடது. மரமே இல்லாத பக்கத்துப் புல்வெளி மண்ணையும் கூடவே அளந்து ஒப்பிட்டால்தான் இந்தக் கணக்கு செல்லும்.

இதையே உயிரோட இருக்கிற மண்ணில் செய்யலாம். மண்ணை ஒரு ஜாடியில் அடைச்சு வெச்சா, உள்ளே இருக்கிற நுண்ணுயிரிகள் மூச்சு விடும். அந்த மூச்சிலுள்ள கார்பன்-டை-ஆக்ஸைடைப் பிடிச்சு அளந்தா, அவை சாப்பிட்டது நேத்து விழுந்த வாட்டில் இலையா, இல்ல கொள்ளுத்தாத்தா காலத்துப் புல்லான்னு தெரிஞ்சிடும். ஏன் இது முக்கியம்? புதுசா நல்ல தீனி கிடைச்சதும் தெம்பு வந்து, பூட்டி வெச்ச பழைய கார்பனையும் நுண்ணுயிரிகள் தின்னத் தொடங்குறது உண்டு. 'மரம் நட்டோம், கார்பனைச் சேமிச்சோம்'னு மேலே கணக்கு எழுதுவோம். கீழே புல் சேர்த்து வெச்ச பேங்க் பேலன்ஸ் கரைஞ்சுக்கிட்டிருக்கலாம். மரத்தின் சுற்றளவை மட்டும் டேப் வெச்சு அளக்கிறவருக்கு இது தெரியவே தெரியாது.

எந்த நுண்ணுயிரி தின்னுச்சுன்னு பெயர் சொல்லிக் கேட்கவும் வழி இருக்கு. கார்பன்-13 அதிகம் சேர்த்த தீனியைப் போட்டு, அதைத் தின்ன நுண்ணுயிரியின் டி.என்.ஏ. கனமாகிறதை வெச்சுப் பிரிச்சு எடுக்கிற முறையை 2000-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் விளக்கினாங்க. சாயப்பொடி கலந்த நோட்டை வெச்சு லஞ்சம் வாங்கினவர் கையைப் பிடிக்கிற மாதிரி!

வாட்டில் செய்ற இன்னொரு வேலை

வாட்டில் மரம் அவரைக் குடும்பம். வேர் முடிச்சில் பாக்டீரியாவைக் குடிவெச்சு, காற்றிலிருக்கிற நைட்ரஜனை உரமா மாத்திக்கும். இதையும் ஐசோடோப் காட்டிக்கொடுக்கும். நைட்ரஜனிலும் 14, 15-ன்னு ஒல்லியும் குண்டும் உண்டு. அங்கே அளவுகோல் காற்று. அதற்கு பூஜ்யம்னு மார்க். மண்ணிலிருந்து மட்டும் நைட்ரஜன் எடுக்கிற செடியின் இலையில் அந்த மண்ணோட நம்பர் இருக்கும். காற்றிலிருந்து எடுக்கிற மரத்தின் இலை பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு இலை பறிச்சு ஒப்பிட்டால், வாட்டில் தன் சாப்பாட்டில் எவ்வளவை வெளியிலிருந்து ஆர்டர் பண்ணுதுன்னு கணக்குப் போடலாம். மண்ணின் நம்பர் பூஜ்யத்திலிருந்து தள்ளி இருந்தால்தான் இந்த வித்தை பலிக்கும், அது ஒரு நிபந்தனை.

'உரம் போடுற மரமா? நல்லதுதானே?'ன்னு தோணும். வயலுக்கு நல்லது. ஏழை மண்ணில் வாழப் பழகின மலைப்புல்லுக்கு அது வேண்டாத விருந்து. மண் கொழுத்தால் வேகமா வளர்ற களைகள் முந்திக்கும். வாட்டிலை வெட்டிப் போட்டாலும் விதை பல பத்து வருஷம் மண்ணில் தூங்கும், தீப்பட்டால் கூட்டமா முளைக்கும். மரம் போனாலும் அதன் கையெழுத்து மண்ணில் இருக்கும்.

இதனால் என்ன லாபம்?

எம். அரசுமணியும் குழுவினரும் செயற்கைக்கோள் படங்களை வெச்சு 2018-ல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்க. 1970-களில் தொடங்கி சுமார் 40 வருஷத்தில் பழனி மலை தன் புல்வெளியில் மூணில் ரெண்டு பங்கை இழந்திருக்கு. எடுத்துக்கிட்டது தோட்ட மரங்களும் விவசாயமும். இந்த மலையின் ஓடைகளை நம்பித்தான் கீழே பழனி, பெரியகுளம், வத்தலக்குண்டு பக்கத்து வயல்கள் இருக்கு. அதனால் இது டூரிஸ்ட் பிரச்னை இல்லை, கீழ்நாட்டுக்காரர் பிரச்னையும்தான்.

2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமா அறிவிக்கப்பட்ட பிறகு, அந்நிய மரங்களை என்ன செய்றதுங்கிற கேள்வி பெரிசாச்சு. 'எல்லாத்தையும் ஒரே மூச்சில் வெட்டு'ன்னு ஒரு குரல். வட்டக்கானலில் பல வருஷம் சோலை நாற்று வளர்த்த பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் வேறொண்ணைச் சுட்டிக்காட்டினாங்க. பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகள் தானா முளைச்சு வருது, கண்ணை மூடிக்கிட்டு வெட்டினா அதுவும் போயிடும். நியாயமான பேச்சு. புல்லையும் மீட்கணும், சோலையையும் காக்கணும்னா, எந்தச் சரிவு எதுவா இருந்ததுன்னு தெரியணும். அந்த இடத்தில்தான் ஐசோடோப் வெறும் லேப் வேலையா இல்லாமல் பஞ்சாயத்துத் தலைவர் ஆகுது. ஒரு சரிவின் ஆழத்து மண்ணில் மைனஸ் 13-ஐ ஒட்டி வந்தால், அங்கே சோலைக் கன்று நடுறதும் தப்பு, பைன் நடுறதும் தப்பு. அது புல்லோட பூர்விகச் சொத்து. மைனஸ் 27 பக்கம் வந்தால், மகரந்தத்தையும் விசாரிச்சுட்டு சோலைக்கு இடம் விடலாம்.

புல் ஏன் இத்தனை காலம் புல்லாவே நின்னதுங்கிறதுக்கும் ஒரு விடை கிடைச்சிருக்கு. நீலகிரியில் நடந்து 2020-ல் வெளியான பெங்களூரு ஆய்வாளர்களின் வேலைப்படி, திறந்த வெளியில் விழுற உறைபனி சோலைக் கன்றுகளைக் கொன்னுடுது. சோலை தன் எல்லையைத் தாண்டாம இருக்க அதுதான் காவல். வெளிநாட்டு மரமும் கூடிவரும் வெப்பமும் அந்தக் காவலை உடைக்கலாம்னும் அதே ஆய்வு எச்சரிக்குது.

உங்களுக்கு இதில் வேலை இருக்கா?

தாராளமா இருக்கு. தாவரவியல், வேதியியல், புவியியல், நுண்ணுயிரியல், வேளாண்மை, எந்த வாசலிலிருந்தும் இந்தத் துறைக்குள் நுழையலாம். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம், லக்னோ பீர்பல் சாஹ்னி நிறுவனம், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை அண்ணா பல்கலைக்கழகம் எல்லாம் விசாரிக்க வேண்டிய இடங்கள். படிக்கும்போதே கை பழக, மூணு அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப் இருக்கு. டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கிட்டே இருங்க. மெஷின் கோடிக்கணக்கில் வரும்ங்கிற பயம் வேண்டாம். மண்ணை ஒழுங்கா எடுக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தான் இங்கே பஞ்சம். எந்த ஆழம், எந்தச் சரிவு, பக்கத்தில் என்ன செடின்னு நோட்டில் சரியா எழுதாம எடுத்த மண்ணை எந்த மெஷினும் காப்பாத்தாது.

கடைசியா, என்.எஸ்.எஸ்., எக்கோ கிளப் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஒரு நாளில் பத்தாயிரம் கன்று'ன்னு பேனர் கட்டி மலைக்கு வண்டி ஏறுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. நாம நடப்போற இடத்தில் இதுக்கு முன்னாடி என்ன இருந்தது? மரம் நடுறது நல்ல காரியம்தான், மரம் இருந்த இடத்தில். 20,000 வருஷம் புல்லா இருந்த இடத்தில் குழி தோண்டினா, அது நட்டதாகாது, புதைச்சதாகும்.

2030-ல் குறிஞ்சி பூக்கும்போது இப்போ ஃபர்ஸ்ட் இயர் படிக்கிறவங்க எல்லாம் வேலைக்குப் போயிருப்பீங்க. லீவு போட்டுட்டு வாங்க, பார்ப்போம். பூக்கிறதுக்குச் சரிவு மிச்சம் இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் வேறொரு மேட்டரோட சந்திப்போம்!